‘புட் ஆஃப்’: தள்ளிப்போடுவதைச் சரியாகச் சொல்லும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வின் 1119 என்ற எண்ணுள்ள ஆங்கிலத் தாளுக்கு ஆயத்தமாகும் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் ‘புட் ஆஃப்’ (put off) என்பதன் பொருளைக் கேட்டால், விளக்கை அணைப்பது என்று சிலர் உடனே சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்று பேசிப் பழகியதன் விளைவு அது. அப்படி ஒரு வழக்கும் ஆங்கிலத்தில் இல்லாமல் இல்லை. ஆயினும் முதலில் கற்க வேண்டிய பொருள் தள்ளிப்போடுதல் என்பதே. ஒரு கூட்டத்தைத் தள்ளிப்போடும்போது நாம் எதையும் கையால் தள்ளுவதுமில்லை, போடுவதுமில்லை. ஆங்கிலத் தொடரையும் அவ்வாறே பிரிக்காமல் ஒரே சொல்லாகக் கொள்ள வேண்டும்.

ரப்பர் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டுக் களம் அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. விடியற்காலை மழையில் ரப்பர் மரத்தின் பட்டை நனைந்துவிட்டால், பால் வெட்டுக்கோட்டின் வழியே பால் சேரும் கிண்ணமான மங்குக்கு இறங்காமல் பட்டையெங்கும் பரவி வீணாகும் என்பதால், பட்டை காயும் வரை வெட்டு நிறுத்திவைக்கப்படும். ‘த டேப்பிங் வாஸ் புட் ஆஃப் டில் நைன்’ என்பது இந்நிலை. மழை விடாமல், அன்றைக்கு வெட்டே கிடையாது என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அறிவித்துவிட்டால், அது ‘கால்ட் ஆஃப்’. ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் இன்று செம்பனை வந்துவிட்டாலும், இந்த வேறுபாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மாணவர்கள் அதிகம் தவறுவது சொல் வரிசையில்தான். ‘புட் ஆஃப் த மீட்டிங்’, ‘புட் த மீட்டிங் ஆஃப்’ ஆகிய இரண்டும் சரி. ஆனால் ‘இட்’ போன்ற மாற்றுப்பெயர் நடுவில் மட்டுமே நிற்கும்: ‘புட் இட் ஆஃப்’. ‘புட் ஆஃப் இட்’ என்பது பிழை. அடுத்து ஒரு வினை வந்தால் அது ‘இங்’ ஈற்றோடு வர வேண்டும்: ‘ஐ புட் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்’. இங்கே ‘டு கோ’ என்று எழுதத் தோன்றினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘போகத் தள்ளிப்போட்டேன்’ என்று நாம் சொல்வதில்லை, ‘போவதைத் தள்ளிப்போட்டேன்’ என்கிறோம். அந்தப் ‘போவது’தான் ‘கோயிங்’.

இறந்த காலத்திலும் ‘புட்’ மாறாது. அலுவலகக் கடிதமானால் ‘போஸ்ட்போன்’ என்று எழுதுவது பொருந்தும்.

‘த ஸ்மெல் புட் ஹிம் ஆஃப்’ என்றால் மட்டும் குழப்பம் நேரும். டுரியான் வாடை அவரைத் தள்ளிப்போடவில்லை, முகம் சுளிக்க வைத்துவிட்டது. ஆகவே செயப்படுபொருளைக் கவனியுங்கள். வேலையோ நாளோ இருந்தால் தள்ளிப்போடுதல். ஆள் இருந்தால் பெரும்பாலும் வெறுப்பூட்டுதல், சில வேளைகளில் கொடுத்த பணத்தைக் கேட்டு வந்தவரிடம் சாக்குச் சொல்லி அனுப்புதல்.