வெய்ட் லாஸ் ஊசிக்கு இன்சூரன்ஸ் கவர் ஆகுமா? அமெரிக்காவுல இருக்கறவங்க செக் பண்ற வழி

டாக்டர் வெகோவியோ செப்பவுண்டோ எழுதிக் குடுத்துட்டாரு, பார்மசில "இன்சூரன்ஸ் ரிஜெக்ட் பண்ணிடுச்சு"ன்னு ஒத்தை வரில சொல்லி அனுப்பிட்டாங்க, இனி என்ன பண்றதுன்னு முழிக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. ஆபீஸ் மூலமா இன்சூரன்ஸ் இருக்கறவங்களை மனசுல வச்சு எழுதறேன். டிடக்டிபிள், காப்பே எல்லாம் தெரியும்னு வச்சுக்கறேன், அதுக்குள்ள போகலை. மருந்து உங்களுக்கு சரியா வருமாங்கறது டாக்டர் விஷயம், அதையும் தொடலை.

1. மருந்து பேரை சரியா பாருங்க

ஓசெம்பிக், வெகோவி ரெண்டுமே செமாக்ளூடைட்ங்கற ஒரே மருந்துதான். ஆனா எஃப்டிஏ (அமெரிக்க அரசோட மருந்து அனுமதி அமைப்பு) ஓசெம்பிக்கை 2017ல அப்ரூவ் பண்ணது டைப் 2 சுகருக்கு, வெகோவியை 2021ல அப்ரூவ் பண்ணது எடைக்கு. அதே மாதிரி டிர்செபடைட்ல மவுஞ்சாரோ சுகருக்கு, செப்பவுண்ட் எடைக்கு. கூட வேலை பாக்கறவருக்கு ஓசெம்பிக் ஈசியா கிடைக்குதுன்னா அவருக்கு சுகர் இருக்கலாம், அதை வச்சு நம்ம பிளானை எடை போடக்கூடாது. சுகர் இல்லாம சுகர் கோடு போட்டு எழுதச் சொல்லி டாக்டரைக் கேக்காதீங்க, அது ஃப்ராடு, மாட்டினா ரெண்டு பேருக்கும் சிக்கல்.

2. கார்டைத் திருப்பிப் பாருங்க

இன்சூரன்ஸ் கம்பெனி ஒண்ணு, மருந்துக்கு முடிவெடுக்கறது பெரும்பாலும் வேற ஒண்ணு. கார்டுல ஆர்எக்ஸ் பின், பிசிஎன், குரூப்னு நம்பர் இருக்கும், பக்கத்துலயே சிவிஎஸ் கேர்மார்க், எக்ஸ்பிரஸ் ஸ்கிரிப்ட்ஸ், ஆப்டம் ஆர்எக்ஸ்னு ஏதாவது பேரும் இருக்கலாம். அவங்க சைட்ல லாகின் பண்ணி மருந்து பேரைத் தேடுங்க. கூகுள்ல கிடைக்கற பொது ஃபார்முலரி (கவர் ஆகற மருந்து லிஸ்ட்) பிடிஎஃப்பை நம்பவே நம்பாதீங்க, அது உங்க பிளானோட லிஸ்ட்டுன்னு எந்த கேரண்டியும் இல்ல. ஆப்பை விட கம்ப்யூட்டர்ல பாக்கறது நல்லது, ஆப்ல "கவர்ட்"னு பச்சையா காட்டும், அதுக்குக் கீழ பொடி எழுத்துல இருக்கற கண்டிஷன் கண்ணுல படாது.

3. எந்த "இல்லை"ன்னு கண்டுபிடிங்க

இந்தப் பதிவுல ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க. பார்மசி கம்ப்யூட்டர்ல எல்லாமே ரிஜெக்ட்னுதான் வரும், ஆனா பின்னாடி இருக்கற காரணம் வேற வேற.

பிரியர் ஆத்தரைசேஷன் (முன் அனுமதி), சுருக்கமா பிஏ, வேணும்னு வந்தா பாதி கிணறு தாண்டின மாதிரி. மருந்து லிஸ்ட்ல இருக்கு, டாக்டர் பேப்பர் அனுப்பணும், அவ்வளவுதான். ஸ்டெப் தெரபின்னா முதல்ல வேற ஒரு மருந்தை ட்ரை பண்ணிட்டு வாங்கறாங்க. ஃபார்முலரில இல்லைன்னா எக்ஸெப்ஷன் கேக்கலாம், இல்ல லிஸ்ட்ல இருக்கற இன்னொரு மருந்துக்கு மாறலாம். பெனிஃபிட் எக்ஸ்க்ளூஷன்னா எடைக்கான மருந்தையே உங்க கம்பெனி வாங்கின பிளான்ல சேர்க்கலைன்னு அர்த்தம், டாக்டர் நூறு லெட்டர் எழுதினாலும் நகராது.

போன்ல கேக்கும்போது "கவர் ஆகுமா"ன்னு மட்டும் கேட்டா "பிஏ பொறுத்தது"ன்னு பொத்தாம்பொதுவா சொல்லிடுவாங்க. அதனால இப்படிக் கேளுங்க: "வெய்ட் லாஸ் மருந்து என் பிளான்ல எக்ஸ்க்ளூஷனா, இல்ல பிஏ இருந்தா கிடைக்குமா? பிஏ கிரைட்டீரியா டாக்குமெண்ட்டை எனக்கு அனுப்ப முடியுமா?" அந்த டாக்குமெண்ட்தான் முக்கியம், அதை வாங்காம போனை வைக்காதீங்க, கால் ரெஃபரன்ஸ் நம்பரையும் குறிச்சுக்கங்க.

இன்னொண்ணு, பிளானோட சம்மரி பேப்பர்ல எக்ஸ்க்ளூடட் சர்வீசஸ் கட்டத்துல "வெய்ட் லாஸ் புரோகிராம்ஸ்"னு இருக்கறதைப் பாத்துட்டு நிறைய பேர் அங்கயே விட்டுடறாங்க. அது புரோகிராமுக்கு. மருந்து பார்மசி பெனிஃபிட்ல வரும், தனியா விசாரிக்கணும்.

4. பிஏ பேப்பர்

எஃப்டிஏ லேபிள்படி பெரியவங்களுக்கு பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்கற கணக்கு) 30ஓ அதுக்கு மேலயோ, இல்லைன்னா குறைஞ்சது 27ம் கூட பிபி, கொலஸ்ட்ரால் மாதிரி எடை சம்பந்தப்பட்ட ஒரு பிரச்சனையும் இருக்கணும். பல பிளான் இதையே எடுத்துக்கும், சிலது இன்னும் கூட்டி வைக்கும். நம்ம ஊர் உடம்புக்கு இதைவிடக் கம்மி எடைலயே சுகர், ஹார்ட் பிரச்சனை எல்லாம் வந்துடுது, ஆசியர்களுக்கு 23, 27.5ன்னு தனி அளவு பாக்கலாம்னு டபிள்யூஹெச்ஓ நிபுணர் குழு 2004லயே சொல்லிருக்கு, ஆனா லேபிள்ல அந்த வித்தியாசம் எல்லாம் கிடையாது.

எனக்கு முதல் தடவை டினை ஆனது இங்கதான். ஃபார்ம்ல "இத்தனை மாசம் டயட், எக்சர்சைஸ் புரோகிராம்ல இருந்தாரா"ன்னு ஒரு கேள்வி. டாக்டரோட விசிட் நோட்ல இருந்தது "டயட் அட்வைஸ் செய்யப்பட்டது"ங்கற ஒத்தை வரி, அதைப் பாத்து ஃபார்ம் நிரப்பினவங்க "இல்லை"ல டிக் பண்ணி அனுப்பிட்டாங்க, கேஸ் அதோட க்ளோஸ். அதனால அனுப்பறதுக்கு முன்னாடியே கிளினிக் போர்ட்டல்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க. எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும் என்ன ட்ரை பண்ணீங்க, ஆரம்ப எடை எவ்வளவு, முடிவுல எவ்வளவு, எந்த ஆப்ல லாக் பண்ணீங்க, கிரைட்டீரியா டாக்குமெண்ட்டையும் சேர்த்து அட்டாச் பண்ணிடுங்க. போன் பண்ணா ஃப்ரண்ட் டெஸ்க்ல சொன்னது பிஏ பாக்கற ஆளுக்குப் போய்ச் சேராது, போர்ட்டல்ல எழுதினது சார்ட்லயே நிக்கும்.

டயக்னோசிஸ் கோடும் பாருங்க. 2024 அக்டோபர்ல இருந்து ஒபிசிட்டிக்கு கிளாஸ் வாரியா இ66.811, இ66.812, இ66.813ன்னு கோடு வந்திருக்கு. பிஎம்ஐக்கான இசட்68 கோடு துணைக்குத்தான், அதை மட்டும் தனியா போட்டு அனுப்பக்கூடாது.

5. டினை ஆனா

லெட்டர்ல காரணம் எழுதியிருக்கும். பேப்பர் குறைன்னா கிளினிக்கையே திரும்ப அனுப்பச் சொல்லுங்க, அது அப்பீலை விட ஃபாஸ்ட். அப்பீல்தான்னா லெட்டர் வந்ததுல இருந்து 180 நாள் டைம் இருக்கு, இன்னும் ஆரம்பிக்காத சிகிச்சைன்னா 30 நாளுக்குள்ள பதில் சொல்லணும். அதுவும் முடியாதுன்னா 4 மாசத்துக்குள்ள எக்ஸ்டர்னல் ரிவ்யூ கேக்கலாம், அதைப் பாக்கறது வெளி ஆள்.

எக்ஸ்க்ளூஷன்னா அப்பீல்ல மல்லுக்கட்டறதை விட ஹெச்ஆர் கிட்ட போங்க. செல்ஃப் ஃபண்டட் பிளான்னா கிளெய்ம் பணம் உங்க கம்பெனிதான் போடுது, எதைச் சேர்க்கறதுங்கறதும் அவங்க முடிவு, அடுத்த ஓப்பன் என்ரோல்மெண்ட்டுக்கு (வருஷா வருஷம் பிளான் தேர்ந்தெடுக்கற நேரம்) முன்னாடி மெயில் போட்டு வைங்க. உண்மையாவே வேற நோய் இருந்தா இன்னொரு வழியும் இருக்கு. ஏற்கனவே ஹார்ட் நோயும் கூட எடையும் இருக்கறவங்களுக்கு ஆபத்தைக் குறைக்க வெகோவியை 2024 மார்ச்ல அப்ரூவ் பண்ணாங்க, ஒபிசிட்டியோட மிதமான அல்லது தீவிர ஸ்லீப் ஆப்னியா இருந்தா செப்பவுண்ட், அது 2024 டிசம்பர்ல. எடை மருந்தை ஒதுக்கற சில பிளான் இதுக்குக் குடுக்கும். குறட்டை பலமா இருந்தா ஸ்லீப் ஸ்டடி பண்ணிக்கறது எப்படியும் நல்லதுதான்.

அப்டேட்: படிச்சவங்க கேட்டது

"அப்ரூவ் ஆச்சு, சில மாசத்துல திரும்ப ரிஜெக்ட்" - பிஏவுக்கு எக்ஸ்பயரி டேட் இருக்கு. ரின்யூவல்ல நிறைய பிளான் ஆரம்ப எடைல 5 சதவீதமாவது குறைஞ்சிருக்கான்னு கேக்கும், அதனால முதல் ஊசிக்கு முன்னாடி கிளினிக்ல எடுத்த எடை சார்ட்ல இருக்கான்னு பாத்துக்கங்க. கைக்காசு போட்டு ஏற்கனவே குறைச்சவங்களும் அந்தப் பழைய எடையைத்தான் காட்டணும், இன்னைக்கு இருக்கற பிஎம்ஐயை மட்டும் போட்டா தகுதி இல்லைன்னு திருப்பி அனுப்பிடுவாங்க.

"ஒண்ணுமே மாத்தலை, திடீர்னு கவர் ஆகலை" - ஃபார்முலரி மாறியிருக்கும். கேர்மார்க் 2025 ஜூலைல தன்னோட ஸ்டாண்டர்ட் லிஸ்ட்ல இருந்து செப்பவுண்டை எடுத்துட்டு வெகோவியை வச்சுக்கிச்சு, அந்த மாதிரி. லெட்டர் வந்தா குப்பைல போடாதீங்க.

மருந்து கம்பெனி சேவிங்ஸ் கார்டு பத்தி நிறைய கேள்வி. அரசு இன்சூரன்ஸான மெடிகேர், மெடிக்கெய்டுக்கு அது செல்லாது. பிரைவேட் இன்சூரன்ஸ்லயும் சில பிளான்ல அந்தக் கார்டு கட்டற பணம் உங்க டிடக்டிபிள் கணக்குல ஏறாது, "காப்பே அக்யூமுலேட்டர் இருக்கா"ன்னு கேட்டு வச்சுக்கங்க, கேட்டா மட்டும்தான் சொல்றாங்க.