கொழிஞ்சாம்பாறை முற்றத்தில் ஒரு சூரியக் கடிகாரம்: செய்முறையும் நிமிடக் கணக்கும்

பிப்ரவரி மாதத்தில் ஒரு சூரியக் கடிகாரத்தை முற்றத்தில் வைத்துப் பாருங்கள். செல்போனில் 12.30 ஆகியும் நிழல் 12-க்கு வந்திருக்காது. "கணக்கு தப்பு" என்று பலர் அதோடு பலகையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கணக்கு தப்பில்லை. பலகை காட்டுவது நம் ஊர் வானத்தில் சூரியன் நிற்கும் இடம். செல்போன் காட்டுவது நாடு முழுவதற்கும் பொதுவாக வகுத்த சராசரி நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிமிடக் கணக்கில் நாமே சொல்லிவிட முடியும். அதையும் சேர்த்துத்தான் இந்தச் செய்முறை.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்துக்கான அளவுகளைத் தருகிறேன். அட்சரேகை சுமார் 10.75 டிகிரி வடக்கு, தீர்க்கரேகை சுமார் 76.8 டிகிரி கிழக்கு.

எந்த வகை என்று முதலில் முடிவு செய்வோம். தரையில் படுத்திருக்கும் வட்டப் பலகையும் நடுவில் சாய்ந்த முக்கோணமும் கொண்ட வகைதான் படங்களில் அதிகம் இருக்கும். ஐரோப்பாவுக்கு அது பொருந்தும். நம் அட்சரேகையில் வரைந்தால் 11 மணிக் கோடு 12-லிருந்து 3 டிகிரிகூட விலகாது, 10 மணிக் கோடு 6 டிகிரிதான் விலகும். நடுப்பகலில் கோடுகள் நெருக்கியடித்து நிற்கும், வாசிக்கவே முடியாது. அதனால் பலகையையே பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் வகையைத்தான் இங்கே பரிந்துரைப்பேன். செய்வதும் எளிது.

1. பலகை. வடக்கு தெற்காக 30 செ.மீ., கிழக்கு மேற்காக 24 செ.மீ. ப்ளைவுட் போதும். 16 செ.மீ. நீளம், 5 செ.மீ. உயரத்தில் ஒரு மெல்லிய தகடோ பலகைத் துண்டோ வெட்டிக்கொள்ளுங்கள். இதுதான் நிழல் தருவது.

2. கோடுகள். பலகையின் நடுவில் வடக்கு தெற்காக, தகட்டின் கனம் எவ்வளவோ அந்த இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். தகடு அவற்றுக்கு நடுவில் நிமிர்ந்து நிற்கும். காலை மணிகளை மேற்குக் கோட்டிலிருந்தும், பிற்பகல் மணிகளைக் கிழக்குக் கோட்டிலிருந்தும் அளக்க வேண்டும். 11-க்கும் 1-க்கும் 1.34 செ.மீ., 10-க்கும் 2-க்கும் 2.89, 9-க்கும் 3-க்கும் 5.00, 8-க்கும் 4-க்கும் 8.66. எல்லாம் நடுக்கோட்டுக்கு இணையான நேர்கோடுகள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, அந்தக் கோணத்தின் டேன்ஜென்டைத் தகட்டின் உயரத்தால் பெருக்கினால் இந்த அளவுகள் வரும். அரை மணிக் கோடு வேண்டுமென்றால் 0.66, 2.07, 3.84, 6.52. ஏழு மணிக்கு 18.66 செ.மீ. தள்ளிப் போக வேண்டும், இந்தப் பலகையில் இடமில்லை. விட்டுவிடலாம்.

3. வடக்கு. அவசரப்படக் கூடாத இடம் இதுதான். மொட்டைமாடியில் திசைகாட்டியை நம்பாதீர்கள், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முள்ளை இழுத்துவிடும். நம் ஸ்தபதிகளின் பழைய சங்கு முறையே மேல் (சங்கு என்பது இங்கே நிழல் பார்க்க நடும் குச்சி). ரசமட்டம் வைத்துச் சமமான தரையைப் பாருங்கள், அதில் ஒரு குச்சியைத் தூக்குக்குண்டு வைத்துச் செங்குத்தாக நடுங்கள். அதைச் சுற்றி ஒரு வட்டம். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் வட்டத்தைத் தாண்டி வெளியே போகும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக வடக்கு தெற்கு.

"உச்சி நேர நிழல் வடக்கே விழும்" என்று எங்காவது படித்திருந்தால் அதை இங்கே எப்போதும் நம்ப முடியாது. ஏப்ரல் 18 வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே தாண்டிவிடுகிறது. ஆகஸ்ட் 25 வாக்கில்தான் திரும்புகிறது. அந்த நான்கு மாதமும் உச்சி நிழல் தெற்கே விழும்.

4. சாய்வு. பலகையின் வடக்கு விளிம்பைத் தெற்கு விளிம்பைவிட 5.6 செ.மீ. உயர்த்துங்கள். மூணாறில் இருப்பவர்களுக்கு 5.3, செங்கோட்டைக்கு 4.7 போதும். ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் இருக்கும் பெரிய சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரத்தின் சாய்வும் இதே விதிப்படிதான், அந்த ஊருக்கு 27 டிகிரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பலகையை அசைக்காதபடி கல் வைத்து அணை கொடுங்கள்.

இப்போது வாசிக்கலாம். காலையில் நிழல் மேற்கே விழும், அதன் வெளி ஓரம் எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் மணி. சரியாக உச்சியில் தகட்டின் இரண்டு பக்கமும் நிழல் இருக்காது.

5. செல்போன் நேரத்துக்கு மாற்றுவது. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கானது, உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் அருகே போகும் கோடு அது. 1906-இல் நடைமுறைக்கு வந்தது. நாம் அதற்கு மேற்கே 5.7 டிகிரி தள்ளி இருக்கிறோம். டிகிரிக்கு 4 நிமிடம் வீதம் 23 நிமிடம். இது ஊருக்கு ஊர் மாறும், நாளுக்கு நாள் மாறாது.

நாளுக்கு நாள் மாறும் கணக்கு இன்னொன்று உண்டு. ஒரு உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடைவெளி எப்போதும் சரியாக 24 மணி நேரம் அல்ல. பூமி ஜனவரித் தொடக்கத்தில் சூரியனுக்கு அருகில் வேகமாகவும், ஜூலையில் தொலைவில் மெதுவாகவும் ஓடுகிறது. அச்சு வேறு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. வானியலாளர்களுக்கு இது பழைய செய்தி. சாதாரண ஜனங்களுக்கு அது பொருட்டாகவே இல்லை, ஏனென்றால் அந்தக் கால இயந்திரக் கடிகாரங்களையே தினமும் சூரியக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திருத்தினார்கள். டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரம் செய்த பிறகு நிலைமை மாறியது. சீராக ஓடும் பெண்டுலத்துக்குச் சூரியனின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போகத் தெரியாது. கடைசியில் ஊர்கள் சராசரிக்கு மாறின, ஜெனீவா 1780-இலேயே. சூரியனைப் பார்த்துத் திருத்தப்பட்ட கருவி சூரியனுக்கே தவணை சொல்ல ஆரம்பித்தது இப்படித்தான்.

இரண்டு கணக்கையும் சேர்த்து, பலகை காட்டும் நேரத்தோடு கூட்ட வேண்டிய நிமிடங்கள் (நம் பகுதிக்கு, ஏறக்குறைய):

ஜனவரி 1: 26
பிப்ரவரி 11: 37
மார்ச் 15: 32
ஏப்ரல் 15: 23
மே 14: 19
ஜூன் 13: 23
ஜூலை 26: 29
செப்டம்பர் 1: 23
அக்டோபர் 1: 13
நவம்பர் 3: 7
டிசம்பர் 1: 12
டிசம்பர் 25: 23

இடைப்பட்ட நாட்களுக்கு நடுமதிப்பு எடுத்தால் போதும். பட்டியலை நன்றாகப் பாருங்கள்: நவம்பரில் நம் உச்சி 12.07-க்கு, பிப்ரவரியில் 12.37-க்கு. மார்கழியில் பகல் மிகக் குறுகி, பிறகு நீளத் தொடங்கியும், தை மாதத்தில் விடியல் இன்னும் தள்ளிப் போகிறதே, அதற்கும் இந்த நகர்வுதான் காரணம்.

சிலர் 23 நிமிடத்தைக் கோடுகளிலேயே சேர்த்து வரையச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பலகை நம் ஊர் நேரத்தையே காட்டட்டும், பட்டியலை ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். ப்ளைவுட் இடவப்பாதி மழையை, அதாவது தென்மேற்குப் பருவமழையை, தாங்காது, மே முடிவதற்குள் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். ஒரு வருடம் சரிபார்த்த பிறகு, இதே அளவில் கல்லில் கோடு வெட்டி, பித்தளைத் தகடு பதித்து, முற்றத்திலேயே நிரந்தரமாக வைக்கலாம்.