ஐப்பசி முதல் தை வரை மின் ஸ்கூட்டர்: நெல்லைச் சாலைகளுக்குச் சில குறிப்புகள்

குளிர்காலத்தில் மின் வண்டியைப் பராமரிப்பது பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை பனி உறையும் நாடுகளில் வாழ்பவர்களுக்கானவை. வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும்போது லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால், லித்தியம் பேட்டரியின் உள்ளே இருக்கும் கிராஃபைட்டுக்குள் புகாமல் அதன் மேலேயே உலோகப் படலமாகப் படிந்து பேட்டரியைக் கெடுத்துவிடும் என்பது அவர்களுடைய கவலை. திருநெல்வேலியில் மார்கழி விடியலில்கூட வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. உண்மையில் ஆண்டு முழுவதிலும் பேட்டரிக்கு இதமான மாதங்கள் இவைதாம், அதன் பகை சித்திரை வெயில். நாம் அஞ்ச வேண்டியது தண்ணீருக்கு. அதிலும் பேட்டரிப் பெட்டியைவிட, அதிலிருந்து கிளம்பும் ஒயர்களும் அவற்றை இணைக்கும் கப்ளர்களும், வீட்டுச் சுவரில் உள்ள பிளக் பாயிண்டுமே முதலில் பாதிக்கப்படுகின்றன.

இதை நான் செலவழித்துத்தான் கற்றேன். ஒரு கார்த்திகை மாலையில் பாளையங்கோட்டையிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில், மீட்டரில் 60 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றுவிட்டது; சிறிது நேரத்தில் தானாகவே உயிர் பெற்று, வண்ணார்பேட்டையில் மீண்டும் நின்றது. பேட்டரி போய்விட்டது என்றே முடிவு செய்து, அதன் விலையை மனத்துக்குள் கணக்குப் போட்டபடி மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் கால் வைக்கும் பலகையைக் கழற்றி, கட்டைவிரல் அளவிலான ஒரு கப்ளரைப் பிரித்துக் காட்டினார். பித்தளை ஊசிகளில் பூஜைப் பாத்திரத்தில் ஏறுவது போலப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. “பேட்டரில ஒரு கோளாறும் இல்ல அண்ணாச்சி, கப்ளர்தான் தண்ணி குடிச்சிருக்கு” என்று சொல்லி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்டினார்.

ஆகவே புரட்டாசி முடிவதற்குள் ஒரு முறை சர்வீஸ் கொடுத்து, வெளியே தெரியும் கப்ளர்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த ஊசிகளில் மின்சாரம் கடத்தாத டைஎலெக்ட்ரிக் கிரீஸ் மெல்லிதாகத் தடவினால் ஈரம் அண்டாது. ஆரஞ்சு நிற உறையுள்ள தடித்த ஒயர்கள் மிகுந்த மின்னழுத்தம் உடையவை என்பதால் அவற்றை வீட்டில் யாரும் தொடக் கூடாது. அது பயிற்சி பெற்றவரின் வேலை. பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டியாக இருந்தால், அச்சுக்குள் நுழையும் ஒயர் நுழைவதற்கு முன் சற்றுக் கீழே தொங்கி வளைந்து செல்கிறதா என்று பாருங்கள். அந்த வளைவில் மழைநீர் சொட்டிவிடும். வளைவு இல்லையென்றால் ஒயர் வழியாகவே மோட்டாருக்குள் இறங்கும்.

விற்பனையாளர் பெருமையாகச் சொல்லும் ஐபி 67 என்ற குறியீட்டைப் பற்றியும் தெளிவு வேண்டும். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கியிருந்தாலும் கேடு விளைவிக்கும் அளவுக்கு நீர் உள்ளே போகாது என்பதே அதன் பொருள். அந்தச் சோதனை புதுப் பொருளை, அசையாத நல்ல தண்ணீரில் வைத்துச் செய்யப்படுவது. பீய்ச்சி அடிக்கும் நீருக்கான சோதனை வேறு. பேட்டரிக்கு இந்தக் குறியீடு இருந்தால் சார்ஜருக்கும் இருக்கும் என்று எண்ணவும் கூடாது. சேறு படிந்துவிட்டதே என்று வாட்டர் சர்வீஸில் நிறுத்தி அழுத்தக் குழாயால் அடிக்க விடுவதுதான் மழைக்காலத்தில் நாம் செய்யும் பெரிய பிழை என்பேன். வாளித் தண்ணீரும் துணியும் போதும்.

தேங்கிய தண்ணீரில் எவ்வளவு ஆழம் வரை போகலாம் என்பதற்கு என் அளவு ஒரு சாண். பன்னிரண்டு அங்குலச் சக்கரமுள்ள ஸ்கூட்டரில் அச்சு ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதற்கு மேல் நீர் நின்றால், குறிப்பாக ரயில்வே சுரங்கப்பாதைகளில், சுற்றுவழியே நேர்வழி. ஆழம் தெரியாவிட்டால் முன்னே போகும் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தண்ணீரைக் கடந்ததும் பிரேக்கை இரண்டு மூன்று முறை மெல்லப் பிடித்துவிட்டால் டிரம்மிலும் டிஸ்க்கிலும் உள்ள ஈரம் காயும்.

ஓட்டும் முறையிலும் மாற்றம் தேவை. மின் மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு விசையையும் தந்துவிடுவதால், ஈரச் சாலையில் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கினால் பின்சக்கரம் வழுக்கும். விசையை அடக்கித் தரும் ஈகோ மோடில் ஓட்டுவது சார்ஜை மட்டுமன்றி முழங்காலையும் காக்கும். ஆக்சிலரேட்டரை விட்டவுடன் வேகத்தைக் குறைத்துப் பேட்டரிக்கு மின்சாரம் திருப்பும் ரீஜென் வசதியைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். பிசானப் பருவ நெல் நடவு நடக்கும் நாட்களில் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் போகிறவர்கள், தொளி அடித்துவிட்டு, அதாவது சேற்றுழவு முடித்துவிட்டு, வயலிலிருந்து ஏறும் டிராக்டர் சக்கரங்கள் தார்ச்சாலையில் உதிர்த்துப்போகும் சேற்றைக் கவனிக்க வேண்டும். தூறல் பட்டால் அது விளக்கெண்ணெய் தடவியது போலாகிவிடும். டயர் தேய்மானக் குறி வரை தேய்ந்திருந்தால் மழைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

சார்ஜ் ஏற்றும்போது மூன்று பழக்கங்கள் போதும். நனைந்து வந்த வண்டியை உடனே செருகாமல், சார்ஜிங் துளையைத் துடைத்து அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். எர்த் சரியாக உள்ள மூன்று பின் பாயிண்டில், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்பு சுவிட்ச் பொருத்தி ஏற்ற வேண்டும். ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து முற்றத்தில் போடுவது ஆபத்து. இடி மின்னல் தொடங்கினால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, போன கரண்டு வந்தாலும் பத்து நிமிடம் பொறுத்தே மீண்டும் செருக வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களின் மழையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. அதுபோல வண்டி மூழ்கிவிட்டால், நீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று சாவியைப் போட்டுப் பார்க்கவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது. தண்ணீர் நின்ற அளவு தெரியும்படி படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, வீட்டுச் சுவரிலிருந்து விலகிய திறந்த இடத்தில் நிறுத்தி, வேறு வாகனத்தில் ஏற்றியே சர்வீஸுக்கு அனுப்புங்கள். உள்ளே புகுந்த நீர் சில நாள் கழித்துக்கூடப் பேட்டரியைச் சூடேற்றலாம். புன்னைக்காயல், உவரி போன்ற கடலோர ஊர்களில் உப்புநீர் என்பதால் இந்த அபாயம் இன்னும் அதிகம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது என்பதையும் ஐப்பசிக்கு முன்பே நினைத்துக்கொள்வது நல்லது.

மழை விட்டால் பனி. தைப் பனி தரையைத் துளைக்கும் என்பார்கள். தரையைத் துளைக்கிறதோ இல்லையோ, மீட்டர் கண்ணாடிக்குள் புகுந்துவிடுகிறது. அதற்காக ஈர வண்டியின் மேல் தார்ப்பாயை இறுக்கிக் கட்டினால் ஆவி உள்ளேயே சுற்றும். கூரைக்குக் கீழே காற்றோட்டமாக நிறுத்துவதே மேல். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வாரக் கணக்கில் வண்டியை விட்டுவைப்பவர்கள், லித்தியம் பேட்டரியானால் பாதிக்குச் சற்று மேலாகவும், பழைய ஈய பேட்டரியானால் முழுமையாகவும் சார்ஜ் ஏற்றிவிட்டுப் போகலாம். திரும்பி வந்ததும் சார்ஜிங் துளையின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மழைக்கு ஒதுங்கிய கட்டெறும்புகள் என் வண்டியில் அங்கேதான் முட்டையிட்டிருந்தன.