விண்வெளிக்குக் கயிறு கட்ட முடியுமா? வாளியை வைத்து அளப்பது எப்படி

காசிமேட்டில் வலை, கயிறு, தங்கூசி (தூண்டிலுக்குக் கட்டும் நைலான் நரம்பு) விற்கிறேன். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் தெருப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் மொட்டை மாடியில்தான் நிற்பார்கள். வடக்கே நெருப்புப் புள்ளி ஏறும். 320 டன் எடையுள்ள பி.எஸ்.எல்.வி. துருவப் பாதைக்குக் கொண்டுபோவது 1,750 கிலோதான். கிளம்பும் எடையில் பெரும்பங்கு எரிபொருள். "மேலேர்ந்து கயிறு விட்டா ஏறிப் போயிடலாமே மாமா?" என்று எதிர்வீட்டுப் பெண் கேட்டாள்.

நல்ல கேள்வி. ரஷ்யப் பொறியாளர் யூரி அர்ட்சுதானோவ் 1960இல் எழுதியதும் அதைத்தான். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கி.மீ. உயரத்தில் சுற்றும் பொருள், தரையிலிருந்து பார்த்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். அங்கிருந்து கீழே ஒரு கயிறு, சமநிலைக்கு வெளிப்பக்கம் ஒரு கயிறு. ஆனால் அந்தக் கயிறு முதலில் தன் எடையைத் தானே தாங்க வேண்டும். இதை வீட்டிலேயே அளக்கலாம்.

அரை மில்லிமீட்டர் தங்கூசி 100 மீட்டர் வாங்கி, நரம்பை மட்டும் சமையல் தராசில் நிறுத்துங்கள். எனக்கு 22 கிராம் வந்தது. அப்புறம் ஒரு முழம் வெட்டி, மேல்முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, கீழ்முனையில் வாளியைத் தொங்கவிடுங்கள். முடிச்சு மட்டும் போடாதீர்கள்! முதல் தடவை முடிச்சிலேயே அறுந்து 7 கிலோதான் காட்டியது. முடிச்சில் நரம்பு நசுங்கி வலு போய்விடும். இரண்டு முனையையும் வழவழப்பான குழாய்த் துண்டில் ஆறேழு சுற்று சுற்றி, நுனியை டேப் போட்டு ஒட்டுங்கள். வாளிக்கு அடியில் நாலு விரல் இடைவெளி விட்டு மணல் மூட்டை. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அறுந்த நரம்பு சாட்டை மாதிரி அடிக்கும்.

செம்பு செம்பாகத் தண்ணீர் ஊற்றுங்கள். அறுந்ததும் தண்ணீரை வாளியோடு எடை போடுங்கள். எங்களுக்கு 11 கிலோ. 11,000 கிராமை 22ஆல் வகுத்தால் 500. அதை 100 மீட்டரால் பெருக்கினால் 50 கி.மீ. அதற்குமேல் நீளமாகத் தொங்கவிட்டால் தங்கூசி தன் எடையிலேயே அறுந்துவிடும். நல்ல எஃகுக் கம்பிக்குக்கூட இது 30 கி.மீ. அளவில்தான் வரும்.

விண்வெளிக் கயிற்றுக்கு, ஒரே பருமனாக இருந்தால், இதே கணக்கில் சுமார் 4,960 கி.மீ. வர வேண்டும். 35,786 வர வேண்டியதில்லை, ஏனென்றால் மேலே போகப் போக ஈர்ப்பு குறைகிறது, சுழற்சியும் வெளிப்பக்கம் இழுக்கிறது. நடுவில் பருத்து முனைகளில் மெலிந்த கயிறானால் இன்னும் குறைந்த வலுவே போதும். 2018இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தார் கார்பன் நானோகுழாய்க் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்) கட்டு ஒன்றில் 80 கிகாபாஸ்கலுக்கு (வலிமையை அளக்கும் அலகு) மேல் வலிமை அளந்தார்கள். நம் கணக்கில் அது 5,000 கி.மீ.யைத் தொடுகிறது. கட்டின் நீளம்தான் சென்டிமீட்டர் கணக்கு.

அளந்த பிறகு, ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறிய தங்கூசியையும் அளந்து பாருங்கள். நைலான் தண்ணீர் குடித்தால் வலு குறையும். எங்கள் வாளியில் அது 10 கிலோவைத் தாண்டவில்லை.