முன்னுரையை வெட்டுங்கள்: இணையதளத்துக்கு எழுதப் பழகுபவர்களுக்கு

எழுத உட்கார்ந்ததும் கை தானாக ஒரு முன்னுரையை எழுதிவிடும். எனக்கும் பல நாள் அப்படித்தான். பக்கத்துக்கு வருபவரோ விடை தேடி வருகிறார். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தை வார்த்தை விடாமல் படித்தவர்கள் 16 சதவீதம்தான். 79 சதவீதம் பேர் கண்ணை மேயவிட்டார்கள்.

1. கேள்வியைப் பிடியுங்கள்

‘செல்பேசிப் பராமரிப்பு’ என்பது தலைப்பு. ‘போனில் ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது, என்ன செய்வது?’ என்பது கேள்வி. தேடுபவர் தட்டுவது இரண்டாவதைத்தான். அதைத் தாளின் உச்சியில் எழுதுங்கள். கீழே கிளைக் கேள்விகள்: இடத்தை அடைப்பது எது? எதை அழித்தால் பாதகமில்லை? அழித்தது திரும்பக் கிடைக்குமா? இவைதான் துணைத்தலைப்புகள். பட்டியல் நீண்டுகொண்டே போனால், அதை இரண்டு பக்கமாகப் பிரித்துவிடுங்கள்.

2. ஒரே மூச்சில் எழுதுங்கள்

பிழை தெரிந்தாலும் நிற்காதீர்கள். எழுதிய அன்றே திருத்தவும் வேண்டாம்.

3. வெட்டுங்கள்

பாதி வேலை இங்கேதான். என் பழைய வரைவு ஒன்று இப்படித் தொடங்கியது:

“இன்றைய நவீன உலகில் செல்பேசி நம் வாழ்வின் பிரிக்க முடியாத அங்கமாகிவிட்டது. இதில் சேமிப்பிடப் பற்றாக்குறை என்பது பலரும் எதிர்கொள்ளும் ஒரு பிரச்சினையாக உள்ளது.”

திருத்திய பின்:

“போனில் இடம் இல்லையா? வாட்ஸ்அப்பில் சேர்ந்த வீடியோக்களை முதலில் பாருங்கள்.”

முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் முதலாவது போகலாம். என் வரைவுகளில் பெரும்பாலும் போய்விடும்.

அடுத்து வினைச்சொற்கள். ‘நீக்கம் செய்ய வேண்டும்’ என்பதை ‘நீக்குங்கள்’ ஆக்குங்கள். ‘சோதனை மேற்கொள்ளப்படுகிறது’ என்றால் யார் சோதிக்கிறார்கள் என்றே தெரியாது, ஆளைச் சொல்லுங்கள். ‘செய்தல்’, ‘மேற்கொள்ளுதல்’ இரண்டையும் தேடித்தேடி எடுத்தாலே பக்கம் மெலிந்துவிடும். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். ஒற்றுப்பிழைக்கு மட்டும் தனியாக ஒருமுறை படிப்பது என் வழக்கம். கருத்தையும் ஒற்றையும் ஒரே வாசிப்பில் என்னால் பிடிக்க முடிவதில்லை.

4. வெளிச்சட்டை

பக்கத் தலைப்பில் முக்கியச் சொல் முன்னால் வரட்டும். தேடல் முடிவில் நீளமான தலைப்பின் வால் அறுபடும். இணைப்புக்கு ‘இங்கே சொடுக்கவும்’ வேண்டாம், போகும் இடத்தின் பெயரையே கொடுங்கள். திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) பயன்படுத்துபவர் இணைப்புகளை மட்டும் வரிசையாகக் கேட்கும்போது பத்து ‘இங்கே’க்களால் என்ன பயன்? படத்துக்கு மாற்று உரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் வரி, எழுதுங்கள். மெட்டா கீவேர்டில் (தேடுபொறிக்காகப் பக்கத்தின் நிரலில் மறைவாக எழுதும் சொற்பட்டியல்) நேரத்தை வீணாக்காதீர்கள். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பக்கத்தின் இணைய முகவரியைத் (URL) தமிழில் வைத்தால், நகலெடுத்து ஒட்டும்போது ‘அ’ என்ற ஒரே எழுத்து சதவீதக் குறிகளோடு 9 குறியீடுகளாக விரியலாம். ‘கீ’ என்றால் 18. அதனால் முகவரியை இரண்டு மூன்று சொல்லில் முடித்துக்கொள்ளுங்கள்.

5. போனில் திறந்து பாருங்கள்

கணினியில் நான்கு வரியாக இருந்த பத்தி போனில் திரையையே அடைத்து நிற்கும். அங்கே உடைத்துவிட்டு, வெளியிடும் பொத்தானை அழுத்துங்கள்.