கணினி திணறுகிறதா? முதலில் டேபைப் பாருங்கள்

ஒரு வலைதளத்தைத் திறந்ததும் மின்விசிறி இரைகிறது, மவுஸ் நகர மறுக்கிறது. உடனே கணினி பழசாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு டேப்தான் காரணம்.

அதைக் கண்டுபிடிக்க குரோமில் ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே எஸ்கேப்பைத் தட்டுங்கள். பிரவுசருக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். (மேக்கில் விண்டோ மெனுவுக்குள் இருக்கிறது.) எந்த டேப் எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு (கணினியின் செயலி) எடுக்கிறது என்று வரிசையாகக் காட்டும். சிபியு என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் விழுங்குவது மேலே வந்துவிடும். அதைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நிறுத்தலாம், பொதுவாக மற்ற டேப்களுக்கு ஒன்றும் ஆகாது. எட்ஜிலும் ஃபயர்பாக்ஸிலும் இதே விசைகள்தான். பிரவுசரில் நாம் சேர்க்கும் கூடுதல் கருவிகளான எக்ஸ்டென்ஷன்களும் அந்தப் பட்டியலில் வரும், அவற்றையும் விடாமல் பாருங்கள்.

தானாக ஓடும் வீடியோக்களும் விளம்பர ஸ்கிரிப்டுகளும்தான் (பக்கத்துக்குள் ஓடும் சிறு நிரல்கள்) வழக்கமான காரணம். ஆனால் ஒன்றும் ஓடாத பக்கம் சிபியுவை முழுதாக எடுத்தால் சந்தேகப்படுங்கள். 2017இல் வந்த காயின்ஹைவ் என்ற ஸ்கிரிப்ட், பக்கத்தைப் பார்ப்பவரின் கணினியிலேயே மொனேரோ என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டியது, அதாவது அந்தக் கணினியைக் கணக்குப் போடவைத்து நாணயம் சம்பாதித்தது. பல தளங்கள் வாசகரிடம் கேட்காமலேயே அதைப் பொருத்தின. எனக்கு இது பச்சைத் திருட்டாகவே படுகிறது, மின்கட்டணம் நம்முடையது அல்லவா? 2019இல் அது மூடப்பட்டது. ஆனாலும் அதே உத்தி வேறு பெயர்களில் தொடர்கிறது.

அப்புறம், குரோம் செட்டிங்ஸில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி சேவரை இயக்கிவிடுங்கள். பார்க்காமல் கிடக்கும் டேப்கள் தூங்கிவிடும்.