டெக்கீலாவும் சங்ரீதாவும்: பரிமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோ நாட்டு மதுவான டெக்கீலாவுடன் வைக்கப்படும் சங்ரீதா என்னும் சிவப்புச் சாற்றைப் பற்றிய குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ஒயினில் பழத்துண்டுகளை ஊறவைத்துச் செய்யும் சங்ரியா வேறு. மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்துச் சங்ரீதா வேறு. பின்னதில் மது ஒரு துளியும் கிடையாது. 'சிறு குருதி' என்று பொருள்படும் அப்பெயர் நிறத்தைக் கண்டு வைத்தது. டெக்கீலாவுக்குப் பக்கத்தில் தனிக் கோப்பையில் அதை ஊற்றி வைத்து, அதில் ஒரு மிடறும் இதில் ஒரு மிடறுமாக மாறி மாறிப் பருகுவார்கள். மதுவின் காட்டம் தங்கிய நாவைப் புளிப்பாலும் உப்பாலும் கழுவி, அடுத்த மிடற்றை மீண்டும் முதல் மிடறுபோல் உணரச் செய்வதுதான் அதன் வேலை. மதுவின் சுவையை மறைப்பதற்கே அது இருக்கிறது என்று எண்ணுவோரிடம்தான் கீழ்க்காணும் தவறுகளில் பெரும்பாலானவை நேர்கின்றன.

முதல் தவறு, இரண்டையும் ஒரே கோப்பையில் கலந்துவிடுவது. கலந்தால் கிடைப்பது, தக்காளிச் சாறும் வோட்காவும் கலந்த பிளடி மேரி என்ற பானத்தில் வோட்காவுக்குப் பதில் டெக்கீலா ஊற்றியதுதான். அதுவும் குடிக்கக்கூடியதே என்றாலும் சங்ரீதா ஆகாது. இரண்டுக்கும் ஒரே அளவுள்ள, ஒடுங்கி உயர்ந்த கோப்பைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 45 மில்லி ஊற்றினால் போதும். 'சிறு குதிரை' என்று பொருள்படும் கபயீத்தோ என்ற பெயரில் மெக்சிகோவில் வழங்குவது இத்தகைய கோப்பையே. டெக்கீலாவை ஒரே மூச்சில் கவிழ்ப்பவர்களுக்குச் சங்ரீதா எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாவில் நிற்காத ஒன்றைக் கழுவி என்ன பயன்? இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சாறு இடையிடையே வருவதால் மது மென்மையாக இருப்பதுபோல் தோன்றுமே தவிர, 40 விழுக்காட்டை ஒட்டிய அதன் வீரியம் சற்றும் குறைவதில்லை. ஆகவே கோப்பைகளை எண்ணிக்கொண்டே பருக வேண்டும்.

குப்பியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் தேவை. நம் ஊர் ஆனைக்கற்றாழையின் உறவான நீல அகவேயிலிருந்து வடிக்கப்படும் இம்மதுவில், நொதிக்க வைக்கும் சர்க்கரையில் 51 விழுக்காடு அகவேயிலிருந்து வந்திருந்தால்கூட டெக்கீலா என்று விற்க மெக்சிகோவின் சட்டம் இடம் தருகிறது. ஆகையால் குப்பியில் ஒட்டிய வில்லையில் '100% அகவே' என்ற குறிப்பைத் தேடி வாங்குவதே நல்லது. பொன்னிறத்தைக் கண்டு பழையது, உயர்ந்தது என்று மயங்கிவிடக் கூடாது. கருக்கிய சர்க்கரையும் அந்நிறத்தைத் தரும். பீப்பாயில் ஊறாத பிளாங்கோவும், குறைந்தது 2 மாதம் ஊறிய ரெப்போசாடோவும் சங்ரீதாவுக்குப் பொருந்துகின்றன. ஓராண்டுக்கு மேல் ஊறிய அன்யேஹோவின் வெனிலா மணம் எலுமிச்சைப் புளிப்போடு ஒட்டாமல் போவதால், அதைத் தனியே பருகுவதே மேல் என்பேன். குப்பியை உறைபெட்டியில் வைத்தெடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். கடுங்குளிரில் மணம் எழுவதில்லை. டெக்கீலா அறையின் வெப்பத்திலும் சங்ரீதா நன்கு குளிர்ந்தும் இருந்தால் வேறுபாடு நாவுக்குப் புலப்படும்.

சாற்றின் செய்முறைக்கு வந்தால், பெருந்தவறுகள் தக்காளியில்தான் நிகழ்கின்றன. உண்மையில் ஹலிஸ்கோவின் பழைய முறையைப் பேணுவோர் பலர் தக்காளியைச் சேர்ப்பதேயில்லை. சப்பாலா ஏரிக்கரையில், ஆரஞ்சுத் துண்டுகளில் மிளகாய்த்தூளும் உப்பும் தூவி உண்டபின் தட்டில் தேங்கிய சாறே சங்ரீதாவின் தொடக்கம் என்று அங்கே சொல்லப்படுகிறது. அவர்கள் முறையில் புளிப்பு ஆரஞ்சும் மாதுளையும் மிளகாயுமே நிறத்தையும் சுவையையும் தருகின்றன. தக்காளி சேர்த்த வகை இன்று பரவலாகிவிட்டதால் அதைப் பிழையென்று தள்ள நான் முன்வரமாட்டேன். ஆனால் தக்காளி சாஸை நீரில் கரைத்து ஊற்றுவதும், வூஸ்டர் சாஸ் என்ற புளிப்பும் உப்புமான கருஞ்சாற்றைத் தாராளமாகக் கவிழ்ப்பதும் பிழைதான். தக்காளியைக் கொதிக்க வைத்தாலோ ரசத்தின் வாடை வந்துவிடும்.

நன்கு கனிந்த தக்காளியைப் பச்சையாகத் துருவி, மெல்லிய துணியில் கொட்டி, பிழியாமல் அரைமணி நேரம் தானே வடிய விடுங்கள். பிழிந்தால் கூழ் இறங்கிச் சாறு கனத்துவிடும். கனத்த சாறு நாவைக் கழுவாமல் அதன்மேல் படிந்து நிற்கும். இப்படி வடித்த சாறு 150 மில்லிக்கு, அப்போதே பிழிந்த ஆரஞ்சுச் சாறு 100 மில்லி, எலுமிச்சைச் சாறு 40 மில்லி, உப்பு கால் தேக்கரண்டி என்ற கணக்கில் சேர்த்தால் ஆறு கோப்பைகளுக்கு வரும். ஆரஞ்சு இனிப்பாக இருந்தால் எலுமிச்சையைக் கூட்டிக்கொள்ளலாம். நிறத்துக்காக மாதுளைச் சர்க்கரைப்பாகை ஊற்றினால் சாறு சர்பத்தாகிவிடும். மாதுளை வேண்டுமென்றால் முத்துக்களைப் பிழிந்த சாறே சரி.

மிளகாயில் இன்னும் நிதானம் வேண்டும். காரத்துக்குக் காரணமான கேப்சைசின் நீரில் கரைவது அரிது, சாராயத்தில் எளிதில் கரையும். போதாக்குறைக்கு, சாராயமே வாயின் சூட்டுணர்வைக் கூர்மையாக்கிவிடுகிறது. எனவே தனியே சுவைத்தபோது அளவாகத் தெரிந்த காரம், டெக்கீலாவுக்குப் பின் இருமடங்காக உறைக்கும். நான் முதன்முறை செய்தபோது இதை அறியாமல் வரமிளகாய்த் தூளை அள்ளிப் போட்டு, விருந்தினர் அத்தனை பேரையும் தண்ணீர்ச் சொம்பைத் தேட வைத்தேன். மெக்சிகோவில் மென்காரமுள்ள அஞ்சோ மிளகாயை உலர்ந்த சட்டியில் லேசாக வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து அரைத்துச் சேர்ப்பதுண்டு. அது கிடைக்காதவர்கள் காஷ்மீர் மிளகாயைப் பயன்படுத்தலாம். வாட்டும்போது கருகினால் கசப்பு தட்டும். கலந்தபின் ஒரு மணி நேரம் குளிர விட்டு, ஒரு மிடறு டெக்கீலாவோடு சேர்த்துச் சுவைத்துப் பார்த்த பிறகே காரத்தைக் கூட்ட வேண்டும்.

எலுமிச்சைச் சாறு, டெக்கீலா, சங்ரீதா என்று மூன்று கோப்பைகளை வரிசையாக வைத்து, மெக்சிகோ கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பைக் காட்டும் 'பந்தேரா' என்ற வழக்கமும் உண்டு. அதற்குப் பிளாங்கோவைத்தான் எடுக்க வேண்டும். ரெப்போசாடோவின் வெளிர்மஞ்சளை நடுவில் வைத்தால் கொடியின் வெள்ளை காணாமல் போய்விடும். கையில் உப்பைத் தடவி நக்கி எலுமிச்சைத் துண்டைக் கடிக்கும் சடங்கு சங்ரீதா இருக்குமிடத்தில் தேவையில்லை, இரண்டும் அந்தச் சாற்றிலேயே இருக்கின்றன.

மிஞ்சிய சாற்றை வாரக்கணக்கில் வைத்திருப்பதும் தவறே. மறுநாளே எலுமிச்சையின் புத்துணர்வு மங்கிக் கசப்பு எட்டிப் பார்க்கத் தொடங்கும். அன்றிரவே ஆரஞ்சையும் வெள்ளரியையும் நறுக்கி, மிஞ்சியதை அவற்றின்மேல் ஊற்றித் தட்டோடு மேசைக்கு அனுப்பிவிடுங்கள். சப்பாலாக்காரர்கள் சொல்லும் கதையில் அது புறப்பட்ட தட்டும் ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான்.